கன்ன மாத்திரை

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். செங்கல் சூளைக்கு ஆள் எடுக்க வருகிற மேஸ்திரி கன்னத்தைப் பிடித்துப் பார்ப்பார். கையும் காலும் பொய் சொல்லும், கன்னம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கன்னம் ஒட்டினவன் போன இடத்தில் பாதியில் படுத்துக்கொள்வான், கன்னத்தில் சதை இருக்கிறவன் சீசன் முடியும்வரை நிற்பான். இந்தச் சாஸ்திரத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஆனால் மழை பொய்த்துப் போன அந்த ஊரில் அதுதான் சட்டம். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள், பெண்டாட்டிமார் பின்னால் நிற்பார்கள். மேஸ்திரி ஒவ்வொரு கன்னத்தையும் இரண்டு விரலால் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, "ஏறு" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஒன்றும் சொல்லாமல் போனால் அதற்கு அப்பீல் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. சூளையில் ஒற்றை ஆளுக்கு வேலையில்லை, ஜோடியாகத்தான் எடுப்பார்கள். புருஷன் மண் வெட்டித் தண்ணீர் விட்டு மிதிக்க வேண்டும், பெண்டாட்டி அச்சில் அடித்துக் களத்தில் தட்ட வேண்டும். புருஷன் கன்னம் ஒட்டியிருந்தால், பெண்டாட்டி மலையைப் புரட்டுகிறவளாக இருந்தாலும் வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

நெட்டச்சி போன தடவை அப்படித்தான் வீட்டில் கிடந்தாள். ஊரில் எந்த ஆம்பளையைக் காட்டிலும் ஒரு சாண் உயரம், அதனால் வந்த பெயர் அது. களத்தில் உட்கார்ந்தால் அவள் வேகத்துக்கு மண் கொடுத்து மாளாது என்று மேஸ்திரியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் போன தடவை அவள் புருஷன் கன்னத்தை அவர் கிள்ளக்கூட இல்லை. கிள்ளுவதற்கு அங்கே ஏதாவது இருந்தால்தானே கிள்ள முடியும்?

புருஷனை ஊரில் தோட்டத்தார் என்பார்கள். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. மழை விடாத ஒரு மலைத் தோட்டத்தில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாள் முதல் ஈர மண்ணில் வெறுங்காலோடு திரிந்தவர். தோட்டம் கைமாறியபோது புது முதலாளி ஆட்களையெல்லாம் கலைத்துவிட்டான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் காய்ந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். தோட்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். கேட்டால், அங்கே அட்டைகூட வயிறார ரத்தம் குடித்தது, நாங்கள்தான் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அவர் உடம்பில் இரண்டு தொந்தரவு இருந்தது. ஒன்று இழுப்பு. காற்று கொஞ்சம் மாறினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். இன்னொன்று அரிப்பு. அது சாதாரண அரிப்பு இல்லை. இடுப்புக்குக் கீழே எங்கோ கிளம்பி, சிவப்பாக ஒரு கோடு வயிற்றின்மேல் ஓடும். 'நூல் ஓடுது' என்பார். கல்யாணமான புதிதில் நெட்டச்சிக்கு அது ஒரு வேடிக்கை. கோட்டின் நுனியில் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைப்பாள். உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், கோடு புள்ளியைத் தாண்டி நாலு விரற்கடை போயிருக்கும். உங்கள் நூல் நம்ம ஊர் பஸ்ஸைக் காட்டிலும் வேகம் என்று கேலி செய்வாள். மறுநாள் கோடு இருக்காது. எப்போதாவது நினைத்துக்கொண்டு மறுபடி வரும். சூடு என்றார்கள், பூச்சி ஊர்ந்தது என்றார்கள், தண்ணீர் சேரவில்லை என்றார்கள். உயிரை வாங்காத வியாதிக்குப் பயப்பட அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை.

பிள்ளை இல்லாத வீடு. ஒருவருக்கு ஒருவர்தான். போன தடவை லாரி போன பிறகு ஊரில் மிஞ்சினவர்கள் கிழடுகட்டைகளும், கால் கை விளங்காதவர்களும், இவர்கள் இரண்டு பேரும். நெட்டச்சி விறகு பொறுக்கினாள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்தாள். தோட்டத்தார் பகலில் வெளியே தலைகாட்ட மாட்டார். கிழவர்களோடு சேர்ந்து மரத்தடியில் உட்கார அவருக்குக் கூச்சம். உழைத்துச் சாப்பிட்ட உடம்பு கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் காண அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவையும் இப்படி ஆனால் அவர் தூக்கில் தொங்கிவிடுவார் என்று பயந்தாள். பயந்ததற்குக் காரணம் இருந்தது. கூரைக் கம்பை ஒருநாள் அவர் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கண்ணால் கண்டாள்.

அப்போதுதான் கன்ன மாத்திரை பற்றி அவள் காதில் விழுந்தது. பஸ் நிற்கிற இடத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் அதை ரொம்ப நாளாக விற்றுக்கொண்டிருந்தார். சின்ன வெள்ளை மாத்திரை. சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாதது மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மாதத்தில் முகத்தைத் தேங்காய் மாதிரி திரட்டிவிடும் என்றார்கள். நெட்டச்சி காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு பொட்டலம் வாங்கினாள். உடம்புக்கு ஒன்றும் செய்துவிடாதில்லையா என்று அவள் கேட்டதற்கு, மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, சத்து மாத்திரை உடம்புக்கு என்ன செய்யும், சத்துதான் கொடுக்கும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை நம்பித்தான் சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. முதல் வாரத்திலேயே இழுப்பு நின்றது. வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் இருந்த பூனைக்குட்டி எங்கே போனதென்றே தெரியவில்லை. பசி எடுத்தது. நெட்டச்சி தன் பங்கையும் அவர் தட்டில் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டாள். நூல் ஓடுவதும் நின்றுவிட்டது. கரித்துண்டை எடுத்துக்கொண்டு போனால் வயிறு வெறுமனே கிடந்தது. பிறகு கன்னம் எழும்பியது. முதலில் தாடையோரம் மினுமினுத்தது, அப்புறம் கண்ணுக்குக் கீழே மேடு தட்டியது. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமா மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு" என்றாள். அன்றைக்கு நெட்டச்சி அடைந்த சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றைக்குக்கூட அடையாதது.

மேஸ்திரி வந்த நாள் வரிசை நீளமாக இருந்தது. கிள்ளுவதற்கு முன்னால் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு விஷயத்தைச் சொன்னார். மாத்திரை போட்டு மூஞ்சியை ஊத வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவர் காதுக்கும் வந்திருக்கிறது. அப்படி ஏதாவது தெரிந்தால், நடுவழியாக இருந்தாலும் நடுக்காடாக இருந்தாலும் ஜோடியோடு இறக்கி விட்டுவிடுவார், அப்புறம் இந்த ஜென்மத்தில் லாரி ஏற முடியாது. சொல்லிவிட்டுத் தோட்டத்தாரின் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளியவர் இன்னொரு தடவையும் கிள்ளிப் பார்த்தார்.

"எங்கேயிருந்துய்யா வந்துச்சு இவ்வளவு சதை?"

"பொண்டாட்டி கைச் சாப்பாடு மேஸ்திரி" என்றார் தோட்டத்தார்.

வரிசையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

தங்கச்சி புருஷனை அந்தத் தடவை எடுக்கவில்லை. அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்து கன்னம் வற்றிப் போயிருந்தார். லாரி கிளம்பும்போது தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தார் மேலிருந்து, "சகலை, அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்று கத்தினார்.

சூளை ஒரு பெரிய பள்ளத்தின் கரையில் இருந்தது. பள்ளத்தில் மண் வெட்டுவார்கள். மேட்டில் புகைபோக்கி. இரண்டுக்கும் நடுவில் களம், ஜோடிக்கு ஒரு துண்டு. காரை பூசாமல், சுடாத பச்சைக்கல்லை அடுக்கி, மேலே தகரத்தைப் போட்டு, குனிந்து நுழைகிற மாதிரி குடிசைகள். ஒதுங்குவதற்குத் தனி இடம் கிடையாது. பள்ளத்தின் ஓரத்தில்தான் ஒதுங்குவார்கள். அதே ஓரத்து மண்ணைத்தான் நாளைக்கு வெட்டுவார்கள், அதையேதான் வெறுங்காலால் மிதிப்பார்கள். செருப்பு போட்டு மண் மிதிக்க முடியாது. மண்ணில் கட்டி இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று உள்ளங்காலுக்குத்தான் தெரியும்.

அந்த முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. விடியும் முன்னே தோட்டத்தார் மண்ணை மிதித்துப் பதமாக்கி உருட்டிக் கொடுப்பார். நெட்டச்சி குத்தவைத்து உட்கார்ந்து, அச்சுக்குள் மணல் தூவி, மண்ணை அறைந்து, மேலே வழித்துவிட்டுக் களத்தில் கவிழ்ப்பாள். ஒரு கல் கவிழும் முன்னே கை அடுத்த உருண்டைக்குப் போயிருக்கும். வெயில் ஏறினதும் காய்ந்த கல்லை ஒருக்களித்து வைப்பார்கள், சாயங்காலம் அடுக்குவார்கள். பக்கத்து ஜோடிகள் இவர்கள் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தோட்டத்தார் மண் மிதிக்கும்போது பாட்டுக்கூட முனகினார். நல்ல தொண்டை இல்லை. ஆனாலும் பாடினார்.

கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும், இதுவரைக்கும் போதும் என்று நெட்டச்சி நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தின இரண்டாம் நாள் அவர் மண்வெட்டியைப் பிடிக்க முடியாமல் துவண்டு உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய், அந்தப் பக்கம் சந்தைக்குப் போன ஒருத்தியிடம் காலி மாத்திரைப் பட்டையைக் கொடுத்து அதே மாத்திரையை வாங்கிவரச் சொன்னாள். அங்கேயும் கிடைத்தது. அது கிடைக்காத ஊர் எது?

பிறகு வயிற்று வலி வந்தது. சாப்பிட்டது வெளியே வந்தது. இருமல் பிடித்தது. தொப்புளைச் சுற்றி, ஊதா நிறத்தில் விரல் வைத்து அழுத்தினது போலத் திட்டுத் திட்டாக எழும்பியது. காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. நெட்டச்சி மேஸ்திரியிடம் போய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றாள். மேஸ்திரி வந்து பார்த்தார். குடிசைக்குள் படுத்திருந்தவரின் முகம் பௌர்ணமி மாதிரி உருண்டையாக இருந்தது. அவர் சாஸ்திரப்படி அந்த முகத்துக்கு வியாதி வரக்கூடாது.

"இந்தக் கன்னத்தை வச்சுக்கிட்டு நோக்காடுன்னா யாரும்மா நம்புவாங்க? ரெண்டு நாள் வேலையை மாத்திப் பாருங்க, அவர் கல்லு தட்டட்டும், நீ மண்ணை மிதி. சரியாப் போயிடும்."

நெட்டச்சி மண்ணை மிதித்தாள். அவர் அச்சின் முன்னால் உட்கார்ந்து, கவிழ்த்த கல்லின் மேலேயே இருமினார். பச்சைக்கல்லின் மேல் சிவப்பாகத் தெறித்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி டிராக்டர்காரரைக் கூப்பிட்டார். மோசமானவர் என்று அவரை ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. டிராக்டரில் தானும் ஏறிக்கொண்டு, வழி நெடுக தோட்டத்தாரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி சின்னது. ஒரு நீளமான அறை, சுவரோரம் கட்டில்கள், பாதிக் கட்டிலுக்கு மெத்தை இல்லை. டாக்டரம்மா சின்னப் பெண், கண்ணைச் சுற்றித் தூக்கம் கருத்திருந்தது. தோட்டத்தாருக்கு மறுபடி இழுப்பு கண்டு நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், நாக்கைப் பார்த்தாள், பிறகு முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முகம் எப்ப இருந்து இப்படி இருக்கு? ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டாரா?"

மேஸ்திரி கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். நெட்டச்சி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நிற்பது அவளுக்கு முதுகு முழுக்கத் தெரிந்தது. சொன்னால் இன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். இனி எந்த வருஷமும் லாரி கிடையாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கூரைக் கம்பை இழுத்துப் பார்ப்பார். காய்ச்சல்தானே, டாக்டர் ஊசி போட்டால் போய்விடப் போகிறது.

"இல்லீங்கம்மா" என்றாள். "சாப்பாடுதான். நல்லாச் சாப்பிடுவாரு."

"நான் பார்த்து எடுத்த ஆளு டாக்டர்" என்றார் மேஸ்திரி. "சீசன் ஆரம்பத்துல கல்லு மாதிரி இருந்தார்."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, இழுப்புக்கு ஊசி எழுதினாள்.

அந்த ஊசிக்குள்ளும் அதே மருந்துதான் இருந்தது, இன்னும் கனமாக. நெட்டச்சிக்கு அது தெரியாது. இழுப்போடு வருகிற எல்லோருக்கும் போடுகிற ஊசியைத்தான் டாக்டரம்மா போட்டாள்.

சாயங்காலம் இழுப்பு அடங்கியது. தோட்டத்தார் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். மேஸ்திரி போய்விட்டிருந்தார். நெட்டச்சி டீயை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை, நீ சொல்லலை."

"சொல்லியிருக்கணுமோன்னு இருக்குங்க."

"பைத்தியம். சொல்லியிருந்தா இந்நேரம் ரோட்டுல நிப்போம். நாளைக்கு எழுந்திருச்சிடுவேன் பாரு. களத்துல காயப்போட்ட கல்லை யாராவது திருப்பிப் போட்டாங்களா?"

பக்கத்து ஜோடியிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அவர்கள் ஓரம் உடைத்துவிடுவார்கள், கவனமில்லாதவர்கள் என்று அவர் கவலைப்பட்டார். புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்தக் கல்லைப் பற்றித்தான்.

விடிந்தபோது அவருக்குக் கழுத்து விறைத்துப் போயிருந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் கண் அவள் பக்கம் திரும்பியது, அவளைப் பார்க்கவில்லை. இருமலில் வந்ததை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வேகமாக வந்து, நெட்டச்சியின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். ஒரு கருவியைக் காட்டி, கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

நெட்டச்சி குனிந்து பார்த்தாள். அவள் உயரத்துக்கு ரொம்பவே குனிய வேண்டியிருந்தது. வெளிச்சத்தின் நடுவே ஏதோ நெளிந்தது. ஒன்று இல்லை, நிறைய. துடித்துத் துடித்து ஒன்றை ஒன்று தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோறு வேகும் நேரத்துக்குள் நாலு விரற்கடை ஓடின நூல் இதுதான்.

"இவர் எந்த ஊருல வளர்ந்தாரு?" என்று டாக்டரம்மா கேட்டாள். "ஈரமான இடமா? செருப்பு இல்லாம நடந்திருக்காரா?"

நெட்டச்சி மலைத் தோட்டத்தைச் சொன்னாள். நூலைச் சொன்னாள். அப்புறம், யாரும் கேட்காமலே, மாத்திரையைச் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அது ஒரு புழும்மா. கால் வழியா ஏறிடும். ஏறினா உள்ளேயே குட்டி போட்டுக்கிட்டு ஆயுசு பூரா இருக்கும். உடம்புல ஒரு காவல் இருக்கு இல்லையா, அது இத்தனை வருஷமா இந்தப் புழுவை வளரவிடாம ஒடுக்கியே வச்சிருந்திருக்கு. அந்த மாத்திரை காவலைத் தூங்க வச்சிடுச்சு. நேத்து நானும்…" என்று நிறுத்தினாள். "நானும் அதைத்தான் போட்டேன்."

"இதுக்கு மருந்து இல்லையாம்மா?"

"இருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு மூணு மாத்திரைல போயிருக்கும்."

நெட்டச்சிக்கு அந்த வார்த்தை புரிய நேரமாயிற்று. அவரைத் தின்றது எத்தனையோ மாத்திரை. காப்பாற்றியிருக்கக் கூடியது இரண்டு மூன்று.

அந்த மாத்திரை அங்கே இருப்பில் இல்லை. டாக்டரம்மா யாரையோ வண்டியில் அனுப்பி வெளியூரிலிருந்து வரவழைத்தாள். மறுநாள் வந்து சேர்ந்தது. பொடித்துக் கரைத்து மூக்கில் போட்ட குழாய் வழியாக விட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போயாயிற்று, சாண் என்ன, முழம் என்ன. மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தார் மூச்சு நின்றது. செத்த பிறகும் முகம் வாடவில்லை. அவரைப் பார்க்க வந்த பக்கத்துக் களத்துப் பெண், எப்படித் தூங்குகிற பிள்ளை மாதிரி இருக்கிறார் பார் என்று சொல்லி அழுதாள். நெட்டச்சிக்கு அந்தக் கன்னத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

டாக்டரம்மா நெட்டச்சிக்கும் சோதனை செய்தாள். அவளுக்குள்ளும் புழு இருந்தது. சூளைப் பள்ளத்தில் மிதித்து வாங்கினதாக இருக்கும் என்றாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, தன் எதிரிலேயே விழுங்க வைத்தாள். அவள் விழுங்கினாள். தனக்கு எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் விழுங்கினாள். அந்தக் கன்ன மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிற எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டாள். எல்லோருக்கும் ஆகாது, யாருக்குள் புழு இருக்கிறதோ அவர்களுக்கு ஆகும், யாருக்குள் இருக்கிறது என்று சோதித்தால்தான் தெரியும் என்றாள் டாக்டரம்மா.

அங்கேயே, சூளைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் புதைத்தார்கள். செலவை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அவர்கள் களம் வேறொரு ஜோடிக்குப் போய்விட்டது. தோட்டத்தார் கவலைப்பட்ட மாதிரியே பக்கத்துக்காரர்கள் கல்லின் ஓரத்தை உடைத்துத்தான் வைத்திருந்தார்கள். கல் ஏற்றிப் போகிற லாரியில் நெட்டச்சியை ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்ததும் அவள் முதலில் போனது மருந்துக்கடைக்கு. நடந்ததைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், உட்காரச் சொன்னார், சோடா உடைத்துக் கொடுத்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் ஆள் போய்விட்டால் பழியை யார் மேலாவது போடுவார்கள், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆறுதல் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரையில் எத்தனை ஜோடி லாரி ஏறியிருக்கிறது, எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டார். அது பொய்யில்லை.

வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டார்கள். உச்சுக் கொட்டினார்கள். அவள் திரும்பினதும் வேறு மாதிரி பேசினார்கள். ஜோடி போய்விட்டது, இனி இவளால் லாரி ஏற முடியாது, அடுத்தவர் ஏறுவதைக் கண்டு வயிறு எரிகிறது என்றார்கள். சூளைக் காற்றும் தண்ணீரும் சேராமல் செத்தவர்கள் எத்தனையோ பேர், இவளுக்கு மட்டும் புழுவாம் என்றார்கள். சுகாதார நிலையத்துக்குப் போய் எல்லோரையும் சோதிக்க முடியுமா என்று கேட்டாள். அந்தப் பரிசோதனை அங்கே கிடையாது, மாத்திரையும் கிடையாது. குடற்புழு மாத்திரை ஒன்று இருந்தது, ஆனால் அது வேறு புழுவுக்கு. அதை ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள்.

அடுத்த சீசன் நெருங்கும்போது தங்கச்சி புருஷன் கன்னம் மினுமினுக்க ஆரம்பித்தது.

நெட்டச்சி அவள் வீட்டுக்குப் போனாள். தங்கச்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"எப்ப இருந்துடி?"

"எது?"

"என்கிட்டயே கேக்கறியா?"

தங்கச்சி முறத்தைக் கீழே வைத்தாள். "நீ சொன்னதெல்லாம் நான் கேக்காம இல்லைக்கா. எல்லாம் கேட்டேன். ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன். போன வருஷம் லாரி போன பிறகு இந்த மனுசன் எழுந்திரிக்காமக் கிடந்ததை நீ பார்க்கலை, நீ சூளைல இருந்த. உனக்குத் தெரியாததா? நீயும் அதுக்குத்தானே கொடுத்த?"

"அதான் சொல்றேன். நான் கொடுத்துக் கெட்டேன்."

"மாமா தோட்டத்து ஆளு. சின்னதுல இருந்து அந்தப் புழு. இவரு இந்த ஊர்லயே பொறந்தவரு, காஞ்ச மண்ணு."

"சூளை மண்ணு காஞ்ச மண்ணா? எனக்கே இருந்துச்சுடி."

தங்கச்சி முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"மேஸ்திரி மாமா கன்னத்தைக் கிள்ளி ஏறுன்னு சொன்னாரே, அன்னைக்கு உன் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு நாள் எனக்கு வேண்டாமாக்கா?"

நெட்டச்சி எழுந்து வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் அழுதாள். தனக்குத் தெரிந்தது இவ்வளவு பெரிய விஷயம், அது ஒரு மனுஷனுக்குக்கூட உதவவில்லையே என்று அழுதாள்.

மேஸ்திரி வந்தார். நெட்டச்சி போகக் கூடாது என்றுதான் இருந்தாள். கால் தானாகப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் போயிற்று. வரிசையைப் பார்த்தாள். மழை இல்லாத வருஷத்தில், ஒருவேளைக் கஞ்சிக்கு வழியில்லாத ஊரில், வரிசையில் பாதிப் பேருக்கு முகம் உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது. மேஸ்திரி திருப்தியாகக் கிள்ளிக்கொண்டே போனார். இந்த வருஷம் உங்கள் ஊர் நல்ல செழிப்பு என்று சொல்லிச் சிரித்தார். தங்கச்சி புருஷன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஏறு" என்றார்.

நெட்டச்சி வாயைத் திறந்தாள். மேஸ்திரியிடம் சொன்னால் பாதி ஊரை இறக்கிவிடுவார். இறங்கினவர்கள் எதைத் தின்பார்கள்? சொல்லாவிட்டால் அதில் எத்தனை பேருக்குள் புழு இருக்கிறதோ அத்தனை பேரும் பள்ளத்தின் கரையில் கிடப்பார்கள். எத்தனை பேர், யார் யார் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு, லாரியின் பின்புறம் போய் நின்றாள்.

தங்கச்சி மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் வழிந்தது. அக்காவைக் கண்டதும் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள். நெட்டச்சி தன் உயரத்துக்கு எட்டி, அவள் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. இருமல் வந்தா, வயித்துல வலி வந்தா, உடனே டாக்டர்கிட்ட போகணும். மாத்திரை சாப்பிட்டாரான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடு. மேஸ்திரி பக்கத்துல நின்னாலும் சொல்லிடு. சொல்லுவியா?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். முன்னால் மேஸ்திரி கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார். தங்கச்சி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு குனிந்தாள்.

"மெதுவாப் பேசுக்கா" என்றாள். "அவர் காதுல விழுந்திடப் போகுது."